தேன் பெட்டியில் சர்க்கரைத் தண்ணி

தேன் விற்கிறவன் சர்க்கரை டப்பாவோடு மாட்டினால் என்ன ஆகும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். போன வாரம் நான் தேன் பெட்டிக்குள் சர்க்கரைத் தண்ணி வைத்ததை, பக்கத்து அபார்ட்மென்ட் ஐந்தாவது மாடி சார் வீடியோ எடுத்து, எங்கள் வாடிக்கைக்காரர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். கீழே வரிசையாக ‘அப்பவே நினைச்சேன்’. அப்பவே நினைச்சவங்க அப்பவே சொல்லியிருக்கலாம்.

கோட்டூர்புரத்தில் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை. சலீம் பாய் அதை வாடகைக்கு எடுத்துக் கீரை போட்டிருக்கிறார். நாட்டுக்கோழி, ரெண்டு ஆடு, அஞ்சு தேன் பெட்டி. வேலைக்கு நான் ஒருத்தன். பிளஸ் ஒன்னோடு படிப்பை விட்டவன். பிட் அடித்திருந்தால் பாஸாகியிருப்பேன், அடிக்கவில்லை. ஆனாலும் இங்கே வருகிற எல்லோரும் என்னைத் திருடனைப் பார்க்கிற மாதிரிதான் பார்க்கிறார்கள். பால் ஊற்றுகிறவர்களே, மீன் விற்கிறவர்களே, உங்களுக்கு இது புதுசில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

தீக்குச்சி

மயிலாப்பூர் மாமி ஒருத்தர். தேனில் முக்கி எடுத்த தீக்குச்சி பற்றினால் சுத்தத் தேன், பற்றவில்லை என்றால் கலப்படம் என்று எங்கேயோ படித்திருக்கிறார். தீப்பெட்டி இருக்கா என்று கேட்டார். கொடுத்தேன். முதல் இரண்டு குச்சி பற்றவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூன்றாவது சுர்ரென்று பற்றியது. விரல் சுடுகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாடா என்று பாட்டிலை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

“எரியறதென்னமோ வாஸ்தவம். ஆனா தீப்பெட்டி உன்னோடதாச்சே. நாளைக்கு எங்காத்துலேர்ந்து எடுத்துண்டு வரேன், இரு.”

சூடான முட்டை

ஆட்டோ ஓட்டுகிற குமார் அண்ணனிடம் சவாரி வந்த யாரோ சொல்லியிருக்கிறார், வெள்ளை முட்டையை டீ டிக்காஷனில் ஊறவைத்து நாட்டுக்கோழி முட்டை என்று விற்கிறார்கள் என்று. கர்சீப்பைத் தண்ணியில் நனைத்து ஆறு முட்டையையும் தேய்த்தார். சாயம் போகவில்லை. போகவில்லையே என்று அவருக்கு வருத்தம்.

எனக்குப் பொறுமை கிடையாது. அப்போதுதான் முட்டை போட்டுவிட்டு ஒரு கோழி கத்திக்கொண்டிருந்தது. கூண்டுக்குள் கையை விட்டு அந்த முட்டையை அப்படியே எடுத்து அவர் கையில் வைத்தேன். சூடாக, ஓரத்தில் எச்சம் ஒட்டிக்கொண்டு. திருப்பித் திருப்பிப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார்.

“சூடு ஓகே மச்சி. அந்தப் பீயி யாரு தடவுனது, நீயா?”

அண்ணாச்சியின் ஃப்ரிட்ஜ்

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். தேன் வாங்கிப்போய் ஒரு மாதம் கழித்துப் பாட்டிலோடு வந்தார். அடியில் பாதிக்கு மேல் வெள்ளையாக, மணல் மாதிரி உறைந்திருந்தது. ஃப்ரிட்ஜில் வைத்தீர்களா என்று கேட்டேன். தேனை வேறு எங்கே வைப்பார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். எல்லோரும் செய்கிற தப்பு இது. குளிரில் நல்ல தேனும் உறையும். சொன்னால் நம்பமாட்டார் என்று, ஒரு சட்டியில் வெதுவெதுப்பான தண்ணி ஊற்றி, பாட்டிலை அதில் நிற்கவைத்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் என் பக்கத்திலேயே நின்றார், நான் எதையாவது மாற்றிவிடுவேன் என்று. தேன் பழையபடி இளகி, பொன்னிறமாக நின்றது. நான்தான் ஜெயித்தேன் என்று நினைத்தேன்.

“சீனியக் காய்ச்சுனாலும் உருகத்தான செய்யும் தம்பி? இதுல என்ன அதிசயம் காட்டுத?”

பாய் கேட்டது

இப்போது வீடியோ விஷயம். ஐப்பசி மழையில் பூ கிடையாது. இருக்கிற பூவும் நனைந்து கிடக்கும். தேனீ வெளியே போகாது. உள்ளே சேர்த்து வைத்ததைத் தின்று தீர்க்கும், அப்புறம் பட்டினி. ஒன்று சாகும், இல்லை பெட்டியை விட்டுக் கூட்டமாகப் போய்விடும். அதனால் மழைக்காலத்தில் சர்க்கரையைத் தண்ணியில் கரைத்து, கொட்டாங்கச்சியில் ஊற்றி, மூழ்கிவிடாமல் உட்கார நாலு குச்சி போட்டு உள்ளே வைப்போம். அந்த மாதங்களில் தேன் எடுக்கமாட்டோம். விற்பது எல்லாம் கோடையில் எடுத்து அப்போதே பாட்டிலில் அடைத்தது. இதை குரூப்பில் டைப் அடித்துப் போட்டேன். ‘நல்லா கதை விடுறான்’ என்று பதில் வந்தது.

மறுநாள் சலீம் பாய் வந்தார். ஆர்டர் ஒவ்வொன்றாக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவர் முகமே சரியில்லை.

“உண்மைய சொல்லுடா. பாட்டில்ல ஒரு சொட்டாவது போச்சா?”

“பாட்டில் எல்லாம் சித்திரையிலயே நிரப்பினது பாய். நீங்கதான் பக்கத்துல உக்காந்து மூடி போட்டீங்க.”

“மூடி நான் போட்டேன். அதுக்கு முன்னாடி?”

ஊர் கேட்டது வேறு. இவர் கேட்டதும் நான் திரும்பி ஆட்டுக்குத் தழை போட ஆரம்பித்தேன். அவருக்கும் என்னமோ போலாகிவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டு, சர்க்கரை டப்பாவை இன்றைக்கே அவர் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும், மழை நிற்கிற வரைக்கும் இங்கே யார் கண்ணிலும் படக்கூடாது என்றார். அதுக்குள்ளே பெட்டி காலியாகிவிடும் என்றேன்.

“தேனீ போனா வேற தேனீ வரும்டா. கஸ்டமர் போனா வருவானா?”

மூணாவது பெட்டி

டப்பாவைப் பையில் போட்டுக் கிளம்பத்தான் செய்தேன். வீடியோ வந்த பிறகு எந்தப் பெட்டிக்கும் சர்க்கரைத் தண்ணி வைக்கவில்லை, போகிறதுக்கு முன்னால் ஒருதடவை பார்த்துவிடலாம் என்று மூணாவது பெட்டியைத் திறந்தேன். அடித்தட்டிலே ஒரு கை அளவு தேனீ விழுந்து கிடந்தது. சிலதுக்கு உயிர் இருந்தது, பறக்கத்தான் தெம்பில்லை. அடையில் தேன் இருக்க வேண்டிய அறையெல்லாம் வெறும் ஓட்டை. எப்போதும் கையைக் கொட்டுகிற பெட்டி அது. அன்றைக்கு ஒன்றுகூட எழுந்து வரவில்லை.

பையை இறக்கினேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஐந்தாவது மாடி சார் காபியோடு பால்கனிக்கு வருகிற நேரம் பார்த்து, டப்பாவை அவருக்குத் தெரிகிற மாதிரி வைத்துக் கரைத்தேன். அஞ்சு பெட்டிக்கும் அஞ்சு கொட்டாங்கச்சி. செல்போன் கைப்பிடிச்சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தது. “நல்லா எடுங்க சார், மழை முடியற வரைக்கும் தினமும் வைப்பேன்” என்று கத்தினேன்.

“கேமரா முன்னாடி வெச்சா நல்லவன்னு நம்பிடுவோமா? உள்ள வேற என்னடா பண்றே?”

என் கையிலிருந்து வாங்கியதை ஒரு கேள்வியும் கேட்காமல் இதுவரைக்கும் சாப்பிட்டது அந்தத் தேனீக்கள் மட்டும்தான், அதனால் பாய் கொண்டுவரச் சொன்ன சர்க்கரை டப்பா இன்னும் மூணாவது பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.