பேபியின் பார்வை

சங்கமித்ரா மயக்க மருந்து டாக்டர், மனிதர்களுக்கல்ல, மாடுகளுக்கு. பன்றி, ஆடு, ஒருமுறை பறிமுதல் செய்து கொண்டுவந்த ஒட்டகம்கூட அவள் ஊசிக்குத் தலை சாய்த்திருக்கிறது. "ஊர்ப் பொண்ணுங்க மனுசனுக்கு ஊசி போடுது, எங்க வூட்டு மகாராணி பன்னிக்குப் போடுறா" என்று பொம்மனஹள்ளி முழுக்கச் சொல்லிச் சிரிப்பார் அவள் அப்பா தாஸ். தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். புத்தரைத் தவிர யாரையும் கும்பிடாத வீடு. பேய், பிசாசு என்றால் சங்கமித்ராவுக்குச் சிரிப்புதான் வரும்.

ஆனால் ஆபரேஷன் மேஜைமேல் கிடக்கும் மாட்டின் கண்ணுக்கு மட்டும் அவள் பயப்படுவாள். மயக்க வாயு ஏற ஏற, கருவிழி கீழே உருண்டு இமைக்குள் ஒளிந்துகொள்ளும். வெள்ளை மட்டுமே தெரியும். அது நல்ல தூக்கம். கருவிழி திரும்பி மேலே வந்து நடுவில் நின்றால், ஒன்று மாடு விழிக்கப்போகிறது, அல்லது மயக்கம் மிஞ்சிச் சாகப்போகிறது. முதல் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

தாயம்மா தன் கிடேரியைக் கொண்டுவந்தது ஒரு மழைக்காலையில். ஓசூர் ரோட்டில் டெம்போ இடித்து முன்னங்கால் முறிந்திருந்தது. தாய்ப்பசு செத்தபின், பிள்ளையில்லாத தாயம்மா பாட்டிலில் பாலூட்டி வளர்த்த கன்று. பெயரே பேபிதான்.

"அதை வுட்டா எனக்கு யாரும்மா? முழிச்சு எழுந்துக்குமில்ல?"

"எழுந்துக்கும்மா" என்றாள் சங்கமித்ரா. அந்த வாக்கை அவள் கொடுத்திருக்கக் கூடாது.

பேபியைச் சாய்த்துப் படுக்கவைத்து, எச்சில் தொண்டைக்குள் போகாமல் வெளியே வடியும்படி கழுத்துக்கடியில் மணல்மூட்டை வைத்து வாயைத் தாழ்த்தினார்கள். குழாய் வழியே வாயு போனது, கருவிழி இறங்கியது. சர்ஜன் எலும்பில் துளை போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தாயம்மா நின்றாள்.

அப்போது கருவிழி மெல்ல மேலே ஏறியது. நேராகக் கதவைப் பார்த்து நின்றுவிட்டது.

"என்னைத் தேடுது! பேபி, இங்கதாண்டி இருக்கேன்!" என்று கதவைத் தட்டினாள் தாயம்மா.

உதவியாள் அஷ்வின் பல வருஷம் குதிரைகளோடு கிடந்தவன். குதிரைக்குக் கண் ஆடினால் மயக்கம் தெளிகிறது என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தில், "மேடம், மயக்கம் லைட் ஆயிடுச்சு, எழுந்துக்கப் போவுது" என்று வாயுவைக் கூட்டிவிட்டான்.

சங்கமித்ராவுக்கும் அதை நம்பத்தான் ஆசை. விரலால் இமையைத் தொட்டாள். இமை அசையவில்லை. கண்மணி அகலமாக விரிந்து கறுத்திருந்தது. மூச்சுக்கு ஏறி இறங்க வேண்டிய ரப்பர் பை அப்படியே கிடந்தது.

"அய்யோ, மூடு அஷ்வின்!"

வாயுவை நிறுத்தி, பையை அழுத்தி அழுத்தி ஆக்சிஜன் செலுத்தினாள். கதவுக்கு வெளியே தாயம்மா இன்னும் கொஞ்சிக்கொண்டிருந்தாள். சாகிற கண் அவளை விட்டு நகரவில்லை. பிறகு பேபி தானாக ஒரு மூச்சு விட்டது. கருவிழி பழையபடி கீழே போனது.

மாலையில் பேபி கண் விழித்து, தடுமாறி எழுந்து நின்றது. ஏப்பம் விட்டது. தாயம்மா கழுத்தைக் கட்டிக்கொள்ள, அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பொழைச்சிட்டாம்மா" என்றாள் சங்கமித்ரா.

தாயம்மா விலகி நின்று கண்ணையே உற்றுப் பார்த்தாள். "உடம்பு அவளுதுதான். ஆனா அப்ப என்னைப் பாத்தவ இவ இல்ல. பால் குடுத்து வளத்தவ நான், எனக்குத் தெரியாதா? மேல வந்தவளைத் திரும்பக் கீழ அனுப்பிட்டு, வேற எதையோ எழுப்பிட்டீங்களே டாக்டரம்மா!"

அப்போது அது எதையுமே பார்க்கவில்லை என்று சொல்ல சங்கமித்ரா வாயெடுத்தாள். அதற்குள் தாயம்மா பேபியின் கயிற்றை அவள் கையில் திணித்துவிட்டு, கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

கயிற்றின் மறுமுனையில் நின்றதைத் திரும்பிப் பார்க்க சங்கமித்ராவுக்குத் துணிச்சல் வரவில்லை.