நூலில் அளந்த சிங்கப்பூர்

சிங்கப்பூரிலிருந்து திரும்பிய அத்தாவின் சட்டையில் தோல் பதனிடும் எங்கள் ‘தோல்ஷாப்பு’ ஆவாரம்பட்டை வாடைதான் அடித்தது. கடல் வாடை துளியும் இல்லை. அம்மா அதை இரண்டு முறை முகர்ந்துவிட்டு, என் கையில் கொடுத்தார். நானும் முகர்ந்தேன். எட்டாம் வகுப்புப் படித்த எனக்கும் சந்தேகம் உறுதிப்பட்டது.

அதற்கு முன் இரண்டு தடவை அத்தா தோல் வியாபாரமாக நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போயிருந்தார். எட்டு நாள் பயணம், வழியெல்லாம் வாந்தி, திரும்பி வரும்போது உப்பேறி விறைத்த துணிமணி என்று அந்தத் தூரத்துக்கு எங்கள் வீட்டில் ஓர் அடையாளம் இருந்தது. இம்முறை மதராசுக்கு ரயிலில் போய், அங்கே ‘ஏரோப்பிளேன்’ ஏறப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ரயிலேறிய மூன்றாம் நாளே, சுகமாக வந்து சேர்ந்ததாகத் தந்தி வந்துவிட்டது.

தந்தியைப் படித்துச் சொன்ன தபால்காரர் தெருமுனை தாண்டுவதற்குள் அம்மா சின்னம்மாவிடம் சொன்னார்: “கப்பலு எட்டு நாளு போற தூரத்த இவரு ஒரே பகல்ல போயிட்டாராம். மதராசுல எவளோ இருக்கா. அங்கதேன் இருக்காரு.”

அத்துடன் விட்டிருந்தால் ஆறிப்போயிருக்கும். நான் பூகோளப் படத்தை விரித்து நூலால் அளந்தேன். திண்டுக்கல்லிலிருந்து மதராசுக்கு எவ்வளவு நூலோ, மதராசிலிருந்து சிங்கப்பூருக்கு அதைப்போல் ஏழரை மடங்கு. மதராசுக்கே ரயில் ஓர் இரவு ஓடுகிறது. அப்படியானால் ஏழெட்டு இரவுகள். கப்பல் கணக்கோடு அச்சாகப் பொருந்திவிட்டதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று முழுவதும் அம்மா சாப்பிடவில்லை.

திரும்பி வந்த அத்தா, ஏரோப்பிளேன் டிக்கெட்டின் அடித்தாளை எடுத்துக் காட்டினார். “காகிதம் எங்கயும் அடிக்கலாம். ஒங்க மகளே அளந்து பாத்துட்டா” என்றார் அம்மா. அத்தா என்னைச் செத்த நேரம் பார்த்தார். அவர் அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

“நூலு வச்சு அளந்தியாம்மா? சரியாத்தேன் அளந்திருக்க” என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு சிங்கப்பூருக்கு மூன்று தடவை போனார். மூன்று தடவையும் கப்பலில்தான். காலண்டரில் அம்மா எட்டுத் தாள் கிழித்து முடித்த பின்பு தந்தி வரும். வீடு நிம்மதியாகச் சோறு சமைக்கும். இளைத்துக் கறுத்துத் திரும்பும் அத்தாவின் சட்டையை அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே துவைக்கப் போடுவார்.

இப்போது அந்தக் கப்பலும் இல்லை, தந்தியும் இல்லை. அவர்கள் இருவரும் இல்லை. என் மகன் மதுரையில் விமானம் ஏறுகிறான். சிங்கப்பூரில் இறங்கியதும் போனில் கூப்பிட்டு, “எறங்கிட்டேம்மா” என்கிறான். கடிகாரத்தைப் பார்க்கிறேன். நாலு மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. நம்புகிறேன். அன்றைக்கே நம்பியிருக்கலாம்.