எல்லை தாண்டிய அரிப்பு

நான் ஓசூரில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கிறேன். ஆய்வகத்தில் பூஞ்சை வளர்த்து மார்க் வாங்குகிற புத்திசாலி. ஆனால் எனக்கே அந்தரங்க இடத்தில் அரிப்பும் வெள்ளைப்படுதலும் வந்தபோது, அந்த அறிவெல்லாம் ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கிருமிநாசினியை ஊற்றி ஊற்றிக் கழுவினேன். எரிச்சல் கூடி, வகுப்பில் உட்காரவே முடியவில்லை. செய்முறைத் தேர்வு வேறு நெருங்கிவிட்டது.

ஓசூர் டாக்டரிடம் போனால், கல்யாணமாகாத பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று யாராவது வீட்டில் போட்டுக்கொடுத்துவிடுவார்களே! ஜூஜுவாடி எல்லைச் சாவடி தாண்டி, கர்நாடகப் பக்கம் அத்திப்பள்ளிக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம், டாக்டரிடம் சொல்லவேண்டிய கன்னட வசனம் மனப்பாடம். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு கிளினிக்கில் நுழைந்தால், அங்கே இன்னொரு துப்பட்டா உட்கார்ந்திருந்தது. என் அறைத்தோழி ஸ்டெல்லா!

"நீ எங்கடி இங்க?"

"பல்லு வலி" என்றேன்.

"இவங்க லேடி டாக்டருடி. உனக்குப் பல்லு எங்க இருக்கு?"

அவளுக்கும் அதே அரிப்புதான். இருவரும் சேர்ந்தே உள்ளே போனோம். நான் கன்னட வசனத்தைத் தொடங்கினேன்.

"தமிழ்லயே சொல்லும்மா. இங்க வர்ற பாதிப் பொண்ணுங்க ஓசூருதான்" என்றார் டாக்டர். பரிசோதித்துவிட்டு, "பூஞ்சைத் தொற்று. கல்யாணமாகாதவங்களுக்கும் வரும். கண்டதையும் ஊத்தி நீதான் புண்ணாக்கிக்கிட்ட. வெளிய வெறும் தண்ணி ஊத்திக் கழுவினா போதும்" என்றார்.

மருந்தில் குணமாகி, தேர்வை நெளியாமல் முடித்தேன். இப்போதெல்லாம் எதுவானாலும் ஓசூரிலேயே, முகத்தை மூடாமல் டாக்டரிடம் போகிறோம். ஹாஸ்டலுக்குப் புதிதாக வரும் பெண்களிடம், மெஸ் சாம்பாரைப் பற்றி எச்சரிப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறோம்.