கதையில் ஒரு நாலு மாத ஓட்டை

மகளுக்கு உதைபந்து பழக்குகிற கோச் ஒரு கொரியாக்காரர். ஏழு நாடுகளில் சம்பளத்துக்கு விளையாடியவர். அவருடைய வேலை அனுமதி முடியப்போகிறது. நிரந்தர வதிவிடம் கிடைக்காவிட்டால் மனைவி பிள்ளையோடு மார்க்கம் நகரத்தை, இந்த நாட்டையே விட்டுக் கிளம்பவேண்டியதுதான். விண்ணப்பப் போர்ம் விளங்கவில்லை என்று மைதானத்தடியில் நின்று தலையைச் சொறிந்தார்.

"அதை என்னட்டை விடுங்கோ, கோச்" என்றேன்.

மனைவி சிரித்தா. "உங்கட போர்மையே நான்தானே நிரப்பினனான். உங்களுக்கு உந்த வேலை தேவையோ?"

தேவையில்லைத்தான். ஆனால் வாய் முந்திவிட்டது.

கடந்த பத்து வருடமும் எங்கே இருந்தீர், என்ன செய்தீர் என்று மாதம் மாதமாக எழுதவேண்டும். அவருடைய ஒப்பந்தங்களை மேசையில் பரப்பினேன். தாய்லாந்து, போர்த்துக்கல், உஸ்பெகிஸ்தான் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி வந்தன. போலந்துக்குப் பிறகு மட்டும் நாலு மாதம் வெறுமை. அகதியாக வந்தவனுக்கு ஊறிப்போன பாடம் ஒன்று உண்டு: கதையில் ஓட்டை இருக்கக்கூடாது. போலந்தை நாலு மாதம் இழுத்து அடுத்த நாட்டோடு முட்டவைத்தேன். பார்க்க வடிவாக இருந்தது. "வாசிக்கத் தேவையில்லை, எல்லாம் சரி" என்று கையெழுத்து வாங்கி அனுப்பியும் விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை கோச் சும்மா கதைத்துக்கொண்டு நின்றார். "போலந்திலை கால் முறிஞ்சு, கிளப் கழட்டிவிட்டிட்டுது. நாலு மாசம் வேலையில்லாமல் கிடந்தன். அதையும் எழுதினீங்கள்தானே? ஒப்பந்தத்திலை திகதி கிடக்கு."

"ஓம், ஓம்" என்றேன். பொய் எழுதினவர்களைப் பல வருடத்துக்குத் திரும்ப விண்ணப்பிக்கவே விடமாட்டார்கள். அதற்குப் பிறகு நான் காரை மைதானத்தின் அந்தத் தொங்கல் மூலையில் நிறுத்தி, உள்ளுக்கு இருந்தபடியே மகளின் விளையாட்டைப் பார்த்தேன்.

"இண்டைக்குச் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?" என்று, நடந்ததை அறிந்த மனைவி கேட்ட அன்றுதான் கோச் போன் எடுத்தார்.

"விண்ணப்பத்தை வாசிக்காமலே திருப்பி அனுப்பிட்டாங்கள். ஒரு பக்கத்திலை கையெழுத்து இல்லையாம். மன்னிக்கோணும், நான் கவனிக்கேல்லை."

அந்தப் பக்கத்தை அவரிடம் நீட்ட மறந்தவன் நான். போனைப் பிடித்தபடி சிரித்தேன். பிறகு முழுவதையும் கக்கினேன்.



"அப்ப நீங்கள் ரெண்டு பிழை விட்டிருக்கிறியள்."

"ஓம் கோச். சின்னதைத்தான் அவங்கள் பிடிச்சவங்கள்."

அவரும் சிரித்துவிட்டார். அடுத்த நாளே வந்து, அந்த நாலு மாதத்துக்கு நேரே 'வேலையில்லை' என்று தன் கையால் எழுதி, விடுபட்ட பக்கத்திலும் கையெழுத்து வைத்துத் திரும்ப அனுப்பினார். அனுமதி முடிய இன்னும் ஏழு கிழமை இருந்தது. எனக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.