கழிக்காத வரப்பு

எங்கள் ஊரில் ஓர் ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள அவர் வரப்பைப் பார்த்தால் போதும். நடவுக்கு முன் மம்பட்டியால் புல்லைச் செதுக்கி, சேற்றைப் பூசி வழவழப்பாக்குவதை வரப்பு கழிப்பது என்போம். அப்பா கழித்த வரப்பில் சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம் என்று பெயர்.

அவரிடம் போய்தான், குட்டையோரத்து வரப்பில் மட்டும் புல்லை விட்டுவைக்கச் சொன்னேன். யூரியா போட்ட கையோடு மழை பெய்தால், எங்கள் வயலில் வழியும் தண்ணீர் குட்டையைப் பச்சைப் பாயசமாக்கிவிடும். அந்த வருடம் எங்கள் பசு அதில் மூக்கை வைத்துவிட்டு, குடிக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தது. நீயெல்லாம் என்ன படித்தாய் என்று கேட்பது போலிருந்தது. குடும்பத்திலேயே முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். முதல் பட்டதாரிச் சான்றிதழை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். பசு கேட்டபிறகு சும்மா இருக்க முடியுமா?

இரண்டு முழம் அகலத்துக்குப் புல் இருந்தால் வண்டலையும் உரத்தையும் பிடித்து நிறுத்தும் என்று நோட்டில் படம் வரைந்து காட்டினேன். அப்பா அதைத் தலைகீழாகவும் பார்த்தார். எவ்வளவு செலவாகும் என்று கேட்டார்.

“ஒண்ணும் ஆவாதுப்பா. நீங்க மம்பட்டி எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போவாத இருந்தா போதும்.”

“வேல செய்யாத இருக்கறதுக்கா மூணு வருசம் விருத்தாசலத்துக்கு பஸ்ஸுல போயிட்டு வந்த?”

பீங்கான் பட்டறையில் வேலை முடிந்து வந்து, பசுவுக்குத் தெருக்குழாயிலிருந்து தண்ணீர் சுமந்துகொண்டிருந்தவர் அம்மா. அவர் என் பக்கம் சேர்ந்ததால் ஒரு போகத்துக்கு அனுமதி கிடைத்தது.

புல் செழித்தது, அப்பா வாடினார். அடுத்த வயல் பெரியப்பாவுடையது. உடம்புக்கு ஏதாவதா, நிலத்தைக் குத்தகைக்கு விட்டாச்சா என்று தினமும் அக்கறையாக விசாரித்தார். கடைசியில் டீக்கடையில் எல்லோர் முன்பும் கேட்டார்: “வரப்புக்குத் தாடி வுட்டிருக்கியே தம்பி, கொளஞ்சியப்பருக்கு வேண்டுதலா?”

அன்று ராத்திரி நல்ல மழை. விடிந்து பார்த்தால் அப்பாவையும் காணோம், மம்பட்டியையும் காணோம். செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

நான் போவதற்குள் நாலடி நீளத்துக்குச் செதுக்கிவிட்டிருந்தார். ஆனால் கை நின்றுபோயிருந்தது. செதுக்கிய இடத்தில் வயல் தண்ணீர் டீ நிறத்தில் குட்டைக்குள் கொட்டியது. இரண்டு பக்கமும் புல்லுக்குள் நுழைந்த தண்ணீர், சேற்றை அங்கேயே இறக்கிவிட்டு மெதுவாகக் கசிந்தது.

“நின்னு வேடிக்கை பாக்காத. வெட்டுனத எடுத்துக் குடு” என்றார்.

வேரோடு பெயர்ந்த புல் பாளங்களைத் திரும்ப வைத்து, இருவரும் காலால் மிதித்து அமுக்கினோம். அதோடு விட்டாரா? நடவுக் கயிற்றைக் கட்டி, புல்லின் இரண்டு ஓரங்களையும் கோடு போட்டதுபோல் நறுக்கினார். பாதி வேலையில் பெரியப்பா வந்து வரப்பில் கால் வைத்தார். புல்லைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். என்ன இது என்று என்னிடம்தான் கேட்டார்.

அப்பா தலையை நிமிர்த்தவில்லை. “பயிருண்ணே. மிதிக்காத தள்ளி நில்லுங்க.”

பெரியப்பா காலை எடுத்துக்கொண்டார்.