காவடிக்குப் போன செண்டுமல்லி

நடந்தது இதுதான்:

1. கே.ஜி.கண்டிகைத் தோட்டத்தில் இனி மருந்தே அடிக்கக் கூடாது என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். அக்காவின் கணவர், என் பாவா, ஒரு போகத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். தக்காளி புழுவால் போனால், அடுத்த போகத்திலிருந்து மறுபடியும் மருந்துதான்.

2. காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி தக்காளியை விட்டுவிட்டுச் செண்டுமல்லிப் பூவைத் தேடிப் போய் முட்டையிடும் என்பதால், தக்காளி வரிசைகளுக்கு நடுவே அதை நட்டோம். எப்போது நட்டால் எப்போது பூக்கும் என்று நாங்கள் மூவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

3. ஆடிக் கிருத்திகைக்குச் சரியாகப் பூத்தது.

4. பூவைக் காணோம்.

நாங்கள் மூவரும் திருத்தணியில் பிறந்தவர்கள். கிருத்திகைக்கு ஊரே பூக்காவடி எடுக்கும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் கணக்கில் மழை இருந்தது, வெயில் இருந்தது. முருகன் இல்லை.

வாரம் ஒரு பை காய்கறி என்று எங்களிடம் வாங்குகிற குடும்பங்கள் எல்லாம் திருத்தணி டவுனில் இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டிலும் அக்கா, இது உங்கள் தோட்டம், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லிவைத்திருந்தாள். அதுவரை ஒருவரும் எட்டிப்பார்த்ததில்லை. கிருத்திகைக்கு முந்தைய நாள் காலையில் எல்லாரும் கூடையோடு வந்து இறங்கினார்கள்.

சாமிக்கு என்று கேட்பவர்களிடம் இல்லை என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. அதனால் பூச்சியின் வாழ்க்கையை விளக்கினாள். தாலுக்கா ஆபீசில் வேலை பார்க்கிற ஒரு அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். முருகன் பார்த்துக்கொள்வார் என்று ஆறுதல் சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

பாவா வரப்பில் நின்று ரசித்துக்கொண்டிருந்தார். "நீதான அவங்க தோட்டம்னு சொன்ன? அவங்களுத அவங்க பறிச்சிக்கினு போறாங்க. உனக்கு இன்னா?"

சற்று நேரத்தில் கடைசி வரிசையில் பாவாவே குனிந்து பறித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் காவடி வேண்டுதலாம். எங்களிடம் சொன்னதே இல்லை.

"இன்னா வேண்டிக்கினீங்க பாவா?" என்று கேட்டேன்.

"தக்காளி நல்லா வரணும்னுதாம்மா."

அக்காவுக்குத் திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் பிடிக்கவில்லை. போய் மோட்டாரைப் போட்டாள்.

எதிர்பார்த்தபடியே தக்காளிக்குப் புழு வந்தது. அக்கா அழவில்லை, போனை எடுத்தாள். எல்லா வீட்டுக்கும் ஒரே சேதி: "உங்க தோட்டத்துல புழு வந்துட்டுச்சிங்க. ஞாயித்துக்கெழம வந்து பொறுக்கிக் குடுத்துட்டுப் போங்க."

யாரும் வரமாட்டார்கள் என்று பாவா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாதிப் பேருக்கு மேல் வந்தார்கள், சிலர் வெட்கத்தோடு, சிலர் பிரசாதத்தோடு. வீட்டுக்கு ஒரு வரிசை என்று அக்கா பிரித்துக் கொடுத்தாள். புழுவைப் பொறுக்குவது, துளை விழுந்த காயைக் கிள்ளி வாளியில் போடுவது. அத்தனை வருடம் மருந்து அடித்த பாவா புழுவைக் கையால் தொட்டதே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு குச்சிகளால் அவர் ஒவ்வொன்றாக எடுப்பதைத் தாலுக்கா ஆபீஸ் அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். "தள்ளுபா, இந்த வரிசையும் நானே பார்த்துக்கிறேன்" என்றார்.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் அப்படியே போயின.

தக்காளியில் ஒரு பங்கு வீணாகிவிட்டது. மீதி பைகளில் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த போகத்தில் கத்தரிக்கும் மருந்து வேண்டாம் என்று பாவா சம்மதித்துவிட்டார். வெண்டைக்கு இன்னும் சம்மதிக்கவில்லை.