பையை வைத்தால் வண்டி நிற்கும்

போன வாரம் என் அக்காவின் பை, அக்கா இல்லாமல், தனியாக மெட்ரோ ரயிலில் பயணம் செய்தது.

சாதாரணப் பை இல்லை. துணிக்கடையில் தீபாவளிக்குக் கொடுத்த கட்டைப்பை. உள்ளே கம்பு மாவு, எள்ளுருண்டை, மிதுக்க வத்தல், அக்கா தன் கையால் இடித்த பருப்புப்பொடி... கரிசல்காட்டில் பாதி அதற்குள் இருந்தது. மீதிப் பாதி பிளாட்பாரத்தில் வாயைப் பிளந்து நின்றது — அக்கா, அத்தான், அவர்கள் மகள் மாரீஸ்வரி, அப்புறம் நான்.

எந்த ஊர் மெட்ரோ என்று கேட்காதீர்கள். பூமிக்கு அடியில் ரயில் ஓடுகிற பெரிய ஊர். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் எல்லாப் பெரிய ஊர்க்காரர்களும் நம்ம ஊரைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு இரண்டாவதுதான் வசதி.

அக்காவுக்குப் பசுவந்தனைப் பக்கம். மானாவாரி நிலம், கொஞ்சம் ஆடுகள். மேகத்தைப் பார்த்து உளுந்து விதைக்கிற அந்த வீட்டிலிருந்து மாரி லேப் டெக்னீஷியன் படித்தாள். இப்போது பெரிய ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நகரமெங்கும் காலையிலிருந்து எடுத்த ரத்தமெல்லாம் சாயங்காலம்தான் அங்கே வந்து சேருமாம். சோதித்து முடிக்க ராத்திரி ஆகிவிடும். பிறகு ஒரு மெட்ரோ. நடுவில் இறங்கி இன்னொரு மெட்ரோ. அப்புறம் ஹாஸ்டல்.

வீட்டில் அவள் 'கொஞ்சம் லேட்டாகும்' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதை யாரோ ஒரு நல்லவர் அத்தானுக்கு விளக்கிவிட்டார். நல்லவர்களுக்கு நம் ஊரில் என்ன பஞ்சமா?

அத்தான் சத்தம் போடவில்லை. அதுதான் பயம். பேசாமல் கோவில்பட்டி ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் எடுத்தார். போவதற்கு இரண்டு. திரும்புவதற்கு மூன்று.

"நானே கூட நடந்து பாக்கேன். சரியில்லன்னா கையோட கூட்டிட்டு வந்துருதேன்" என்றாராம். மூன்றாவது டிக்கெட் யாருக்கு என்று அக்கா கேட்கவில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்க?

ஒரு புத்தகக் கூட்டத்துக்காக நானும் அப்போது அங்கே இருந்தேன். அக்கா போன் போட்டாள். நீயும் கூட வா, உங்க அத்தான் அங்கன யாரோடயாவது மல்லுக்கு நின்னுருவாரு என்றாள். மாரியும் போன் போட்டாள். மாமா, எப்படியாவது பேசிப் பாருங்க என்றாள். நான் எழுதிப் பார்க்கிறவன். பேசிப் பார்த்து எதையும் ஜெயித்ததில்லை. இருந்தாலும் போனேன்.

ராத்திரி, மாரியின் வேலை முடிந்ததும் நான்கு பேரும் ஸ்டேஷனுக்குள் இறங்கினோம். கோடையில் எங்கள் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்புக்குள் கையை விட்டால் அடியில் சில்லென்று இருக்கும். படிக்கட்டில் இறங்க இறங்க அந்தச் சில்லிப்பு முகத்தில் வந்து மோதியது. எங்கள் பக்கம் இவ்வளவு ஆழம் இறங்கினால் தண்ணீர் வரவேண்டும்... இங்கே வெளிச்சம் வந்தது.

முதல் ரயிலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. அத்தான் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தூங்கி விழுகிற ஒரு நர்ஸ். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிற ஒருத்தி. சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்த ஒரு பெரியம்மா. பார்க்கப் பார்க்க அத்தானின் மீசை தளர்ந்தது. மாரி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

மாறவேண்டிய ஸ்டேஷன் வந்தது. கதவு திறந்ததும் மாரி ஓடத் தொடங்கினாள்.

"எதுக்குட்டி ஓடுத?" என்றார் அத்தான்.

தினமும் ஓடுவாளாம். இந்தத் தடத்தின் கடைசி ரயிலுக்கும் அந்தத் தடத்தின் கடைசி ரயிலுக்கும் அறிமுகமே கிடையாது. இது உள்ளே வருகிற நேரம், அது வெளியே கிளம்புகிற நேரம். இரண்டுக்கும் நடுவில் நீளமான ஒரு நடைவழி, இரண்டு எஸ்கலேட்டர். அத்தானுக்கோ முழங்கால் வலி. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா மகளோடு முன்னால் ஓடினாள், கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு.

எஸ்கலேட்டரின் பாதியில் வரும்போது கீழே ரயில் நிற்பது தெரிந்தது. கதவு திறந்திருந்தது. மாரியோடு அக்கா உள்ளே போனாள். காலியாக இருந்த சீட்டில் பையை வைத்தாள். ஒரு தட்டுத் தட்டினாள். மாரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள் — எங்களைக் கூட்டிப்போக.

ஏன் அப்படிச் செய்தாள் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்க் கடைசி பஸ்ஸில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சீட்டில் பை இருந்தால் அதற்கு ஓர் ஆள் உண்டு. ஆள் வராமல் வண்டி நகராது. பையை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டு மருந்து வாங்கப் போவார்கள், டார்ச்சுக்குப் பேட்டரி வாங்கப் போவார்கள், சம்பந்தி வீட்டுக்குப் பூ வாங்கப் போவார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே, இது யாரு பை என்பார். பாலம்மா சித்தி பை, மாத்திரை வாங்கப் போயிருக்காவ என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். விசில் வாயிலிருந்து இறங்கிவிடும். டிரைவர் பீடி பற்றவைக்கப் போய்விடுவார். சித்தி வருவாள். வண்டி கிளம்பும். தாமதமானதற்காக யாரும் முகத்தைச் சுளிப்பதில்லை. நாளைக்கு அந்தப் பை நம்முடையதாக இருக்கலாம் அல்லவா?

அந்தச் சட்டத்தின் கீழேயே பிறந்து, வாழ்ந்து, பேரன் பேத்தி எடுக்கப்போகிறவள் அக்கா. பையை வைத்தாயிற்று. இனி வண்டி எங்கே போகும்?

போனது. மணியடித்தது போல ஓர் ஓசை, கதவு மூடியது, பையோடு ரயில் கிளம்பியது.

அத்தான் கையை உயர்த்திக் காட்டினார். நம் ஊரில் பஸ்ஸை நிறுத்துவோமே, அதே மாதிரி. கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு சுரங்கத்துக்குள் மறையும்வரை கையை இறக்கவில்லை.

"ஐயா, டிரைவர் நினைச்சாலும் நிறுத்த முடியாதுங்க. எல்லாம் கம்ப்யூட்டர்" என்றார் அங்கே நின்ற செக்யூரிட்டி.

"பெறகு டிரைவர் எதுக்கு?"

"கொஞ்ச நாள்ல அவரும் இருக்க மாட்டாருங்க."

அதுதான் கடைசி ரயில் என்றும் அவரே சொன்னார். பணிவாகத்தான் சொன்னார். பிளாட்பார விளக்குகளில் பாதி அணைந்தது. அக்கா வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தான் மகள் பக்கம் திரும்பினார். குரல் ஏறவில்லை.

"பாத்தாச்சு. இது ஆகாது. நாளைக்கே வேலைய எழுதிக் குடுத்துட்டு கிளம்பு, தாயி."

தாயி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் இல்லை. மாரி அழுவாள் என்று நினைத்தேன். அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"எறங்கிட்டியா? சரி. அங்கனயே இரு, வாரோம்."

யார் என்று கேட்டார் அத்தான்.

"நஸ்ரீன்ப்பா. என் ஹாஸ்டல். அந்த ரயில்லதான் எடம் பிடிச்சு வச்சிருந்தா. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிட்டா."

"அவ எதுக்கு எறங்கணும்? அதுதான் கடைசி வண்டியாமே."

"நான் ஏறலல்லாப்பா."

அத்தானுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். மாரி படியேறிக்கொண்டே சொன்னாள். அந்தக் கடைசி ரயிலில் போகிற பெண்கள் சிலர் தங்களுக்குள் பேசிவைத்திருக்கிறார்களாம். ஒருத்தி ரயிலைத் தவறவிட்டால், அதே பக்கம் போகிற இன்னொருத்தி அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நிற்பாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஆட்டோ பிடித்துப் போவார்கள். யாரையும் தனியாக விடுவதில்லை. யார் இந்த ஏற்பாட்டைச் செய்தது என்று கேட்டேன். யாருமில்ல மாமா, அப்படியே வந்துருச்சு என்றாள்.

ஆட்டோ பிடித்து அடுத்த ஸ்டேஷனுக்குப் போனோம். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். வாசல் படியில், விளக்குக்கு நேர் கீழே, ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் கட்டைப்பை. வாய் அசைந்துகொண்டிருந்தது.

"எள்ளு வாசம் விடல மாமி. ஒண்ணு எடுத்துட்டேன்" என்று எழுந்தாள். "நீங்க பைய வச்சிட்டு எறங்கும்போதே நெனச்சேன். சரிதான், இவிய நம்ம ஊரு பஸ்ஸுன்னு நெனச்சிட்டாவன்னு."

நம்ம ஊரு என்றதும் அத்தானின் காது விடைத்தது. எந்த ஊரும்மா என்றார். கயத்தாறு என்றாள். வாப்பா அங்கே ரோட்டோரம் லாரிகளுக்குப் பஞ்சர் பார்க்கிறாராம். இவள் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். அவ்வளவுதான், அத்தான் தொடங்கிவிட்டார். கயத்தாறில் எந்தத் தெரு, பள்ளிவாசலுக்கு வடக்கா தெற்கா, ஆடு வாங்க வருகிற இன்னாரைத் தெரியுமா? தெரியும், அவிய எங்களுக்குச் சொந்தம் என்றாள். பாதி ராத்திரியில், யாருமில்லாத ரோட்டில், இரண்டு பேருக்கும் பொதுவாக ஓர் ஆட்டு வியாபாரி கிடைத்துவிட்டார். நம் ஆட்களுக்கு ஒருவரை நம்ப இது போதும்.

பெண்கள் மூவரும் ஓர் ஆட்டோவில். நானும் அத்தானும் பின்னால் இன்னொன்றில். முன்னால போற வண்டிய விட்டுராதீங்க தம்பி என்று அத்தான் டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு சிக்னல் தாண்டி என்னிடம் கேட்டார்.

"மாப்ள, அந்தப் புள்ள எறங்காம அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம்லா?"

போயிருக்கலாம் என்றேன். ஹாஸ்டல் வரும்வரை அவர் முன்னால் போகிற ஆட்டோவையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இதை எழுதும்போது எனக்குத் தோன்றுகிறது... ராத்திரி முழுக்க ரயில் ஓடவேண்டும் என்று நான் கேட்கவில்லை. தண்டவாளத்துக்கும் ஓய்வு வேண்டும். அதைத் தட்டிப் பார்த்துச் சரிசெய்கிறவர்களுக்கு அந்தச் சில மணி நேரம்தான் கிடைக்கும். ஆனால் கடைசி வண்டிகள் மட்டுமாவது ஒன்றையொன்று தெரிந்துவைத்திருக்கக் கூடாதா? இந்தத் தடத்தில் வந்தவர்கள் நடந்து வந்து சேரும்வரை அந்தத் தடத்தில் கதவு திறந்திருந்தால் என்ன குறைந்துவிடும்? காலையில் ஒரு ரயில் போனால் பின்னாலேயே இன்னொன்று. அப்போது யாருக்காகவும் நிற்க வேண்டாம். ராத்திரி அப்படியா? நேரம் குறிக்கிறவர்கள் ஒருமுறை, ஒரே ஒருமுறை, முழங்கால் வலிக்கிற ஒருவரோடு அந்த நடைவழியில் நடந்து பார்க்கட்டும். எங்கள் கண்டக்டருக்கு முகங்கள் தெரியும். கம்ப்யூட்டருக்கு முகம் தெரியாது, சரி. முதல் ரயில் வந்துவிட்டது என்பதுகூடவா தெரியாது?

நம் ஊரை ரொம்பவும் மெச்சிக்கொள்ள முடியாது. நெடுந்தூர பஸ்கள் சில ராத்திரியில் ஊருக்குள் வராமல், நான்குவழிச் சாலையிலேயே ஆளை இறக்கிவிட்டுப் போகின்றன. லாரி வெளிச்சத்தில், கைக்குழந்தையோடு, பெட்டியோடு நிற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் வழி போடுகிறவர்களுக்கு எந்த ஊரிலும் ராத்திரி என்றால் காலி ரோடுதான். அதில் வீட்டுக்குப் போகிறவர்கள் கண்ணில் படுவதில்லை.

அவர்கள் ஊருக்குக் கிளம்புகிற நாளும் வந்தது. வழியனுப்ப நானும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். பெட்டியில் ஏறி உட்கார்ந்ததும் அத்தான், மழை வருமா என்று விசாரிப்பதைப்போல, வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார். அந்த மூன்றாவது டிக்கெட்டைக் கேன்சல் செய்வது எப்படி?

கவுண்டருக்குத்தான் போகணும்ப்பா, காசு வராட்டியும் சரி, குடுங்க என்று டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஓடினாள் மாரி. அவள் ஓடி நான் பார்த்தது அது இரண்டாவது தடவை. இந்தத் தடவை அத்தான் ஏன் ஓடுகிறாய் என்று கேட்கவில்லை. அக்கா தண்ணீர்ப் பாட்டிலைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டாள். பாட்டில் எதிரிலேயே இருந்தது.

மாரி திரும்பி வந்து ஜன்னலோரம் நிற்கும்போது சிக்னல் விழுந்துவிட்டது.

"ஏட்டி மாரி."

"என்னப்பா?"

"அந்தக் கயத்தாத்துப் புள்ள ஒரு நாள் வண்டிய விட்டுட்டான்னா, நீ எறங்கி நிப்பியா?"

"நின்னுருக்கேன்ப்பா. நெறைய நாள்."

அத்தான் தலையை ஆட்டினார். அப்பச் சரி என்றார்.

அதே கேள்வியை அந்த இரண்டு கடைசி மெட்ரோ ரயில்களிடமும் யாராவது கேட்டுச் சொல்லுங்களேன்.